பொன்னிறமாக வதக்கவும்

எட்டுக் கத்தரிக்காய் போதும். அக்காவுக்கு அஞ்சு, எனக்கு மூணு. விடியக்காலை நாலரை பஸ்ஸில் சாத்தூரில் ஏறியவள் பன்னிரண்டு மணிவாக்கில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள், வழியில் எதுவும் வாங்கித் தின்னமாட்டாள், டீ கூடக் குடிக்கமாட்டாள், அவள் குணம் அது. பசியோடுதான் வருவாள். பசியோடும் கோபத்தோடும். ஒவ்வொரு காயாக எடுத்து விரலால் சுற்றிப் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றுதான் சொல்வேன், பிறந்ததிலிருந்து எனக்குக் கண் தெரியாது, ஆனாலும் நான் செய்கிற இந்தக் காரியத்துக்கு வேறு வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தோல் வழவழவென்று இறுக்கமாக இருந்தால் நல்ல காய். இதோ இதில் காம்புக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம், நகம்கூட நுழையாது, புழு போன வழி, அகப்பட்டுக்கொண்டாயா, நீ போ வெளியே. காய்கறி வண்டிக்காரர் கண்ணால் பொறுக்கிப் போட்ட காய்களில் மூன்றை இதுவரை கழித்திருக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு திமிர் வரும். யாரும் பக்கத்தில் இல்லை என்பதால் அதை அடக்க வேண்டியதில்லை, முகத்தில் முழுசாக ஓடவிடுவேன். கத்தியை எடுத்து, இடது கை விரல்களை உள்ளே மடக்கி, மடங்கிய மூட்டில் கத்தியின் பக்கவாட்டை உரசவிட்டு நறுக்குகிறேன், நாலாகக் கீறி, தண்ணீர்ச் சட்டியில் போட்டு, அடுத்தது. மணி என்ன ஆயிற்று என்று போனைத் தொட்டால் அது சொல்கிறது, பதினொன்று ஐந்து. அக்கா இந்நேரம் பல்லடம் தாண்டியிருப்பாள். மடியில் அந்தப் பை இருக்கும், பைக்குள் அந்த மனு இருக்கும்.

மனு. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து எத்தனை தடவை எனக்கே சொல்லிவிட்டேன். எல்லாம் ஓனரம்மா சம்பூர்ணத்தால் வந்தது, அவரையும் குற்றம் சொல்ல முடியாது, பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் மோட்டார் விஷயமாக மாடிக்கு வந்தவர், என் போன் விடாமல் அடிக்கிறதே என்று எடுத்திருக்கிறார். பாத்ரூம் கதவு வழியாக அவர் குரல் கேட்டது. "ஏனுங் கண்ணு, அக்காளுங்களா? தம்பி குளிச்சுட்டிருக்காருங்க. உங்க தம்பி கைப்பக்குவம் இருக்குதுங்களே, நேத்து வெச்ச புளிக்கொழம்பு வாசம் படியெறங்கி எங்கூட்டுக்குள்ளயே வந்துருச்சுங்க." தலையில் சோப்பு நுரையோடு நான் அப்படியே நின்றேன். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த ஆறு வாரமாக அம்மாவிடமும் அக்காவிடமும் தினமும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், எங்க, மெஸ்ல. துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நான் திருப்பிக் கூப்பிட்டபோது அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுப்பு பத்தவைக்கிறியா?"

"ஆமாக்கா."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"புதன்கிழமதான ஒனக்கு லீவு? வர்றேன். மாறுதலுக்கு மனு எழுதி எடுத்துட்டு வர்றேன். நீ கையெழுத்து மட்டும் போடு, மாரீசு. விருதுநகர்லயும் போன் எடுக்கிற வேலைதான இருக்கும். வீட்ல இருந்து போயிட்டு வரலாம்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். என் முழுப்பெயர் மாரீஸ்வரன், அதை வாய் நிறையக் கூப்பிடுகிறவர்கள் இந்த ஊர் ஆபீஸில் மட்டும்தான் இருக்கிறார்கள், மாரீஸ்வரன் சார் என்று, அதைக் கேட்கும்போது இருபத்தெட்டு வயதில் என் பெயரே எனக்குப் புதுசாக இருக்கிறது. மின்தடைப் புகார்களைப் பதிகிற மையத்தில் வேலை. காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரு பக்கம் கம்ப்யூட்டர் எனக்குப் படித்துக்காட்டும், இன்னொரு பக்கம் ஊர் ஜனங்கள் கத்துவார்கள். சார், எங்க தெருவுல கரண்ட் இல்ல, ஒரே இருட்டா இருக்கு, ஒண்ணுமே தெரியல, கை எங்க கால் எங்கன்னு தெரியல சார். முதல் வாரம் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பொறுங்கம்மா, பதட்டப்படாதீங்க, செவுத்தப் புடிச்சுக்கிட்டு பைய நடங்க, ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன், என்னைவிடத் தகுதியான ஆள் யார் அதைச் சொல்ல? மெஸ்ஸுக்கும் போய்த்தான் பார்த்தேன், முதல் ரெண்டு வாரம். சாப்பாட்டில் குறையில்லை. நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைப் பேச்சு நின்றுவிடும். சார், நான் பெசஞ்சு தரட்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்பார். நான் வாய்க்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு கவளத்தையும் நாலைந்து பேர் கூடவே தூக்கிவிடுகிற மாதிரி இருக்கும், அந்தக் கனத்தில் தொண்டையில் இறங்காது. பதினாலாம் நாள், சாம்பார் என் சட்டையில் சொட்டியதும் ஒருவர் உச்சுக்கொட்டினார். மறுநாள் நான் ஒரு கேஸ் அடுப்பும் குக்கரும் வாங்கினேன்.

குக்கர் இப்போது இரண்டாவது விசில் அடிக்கிறது. மூன்று வந்ததும் அணைக்க வேண்டும், மூன்று, மறக்கக் கூடாது. பக்கத்து அடுப்பில் முதலில் வெறும் சட்டியை வைத்து, அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, பிறகுதான் பற்றவைப்பேன், நெருப்பை வைத்துவிட்டுச் சட்டியைத் தேடினால் கை வேகும், அது ரெண்டாம் நாள் தெரிந்துகொண்டது, நடுவிரல் முனையில் இன்னும் கொஞ்சம் தடித்துக் கிடக்கிறது. லைட்டர் டிக் என்கிறது, அடுப்பு பூக் என்று பிடிக்கிறது, சட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி வைத்தால் சூடு ஏறுகிற வேகம் தெரியும். நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி. இப்போது எண்ணெய் சும்மா இருக்கிறது, இப்போது அதன் மணம் மெல்லத் தலை தூக்குகிறது, இப்போது. கடுகு. மூணாவது விசில், குக்கரை அணை. கடுகு ஒன்று, ரெண்டு, பிறகு கும்பலாகப் படபடவென்று, இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது, சத்தம் குறைந்து தனித்தனியாக நாலைந்து மட்டும் வெடிக்கும்போது வெந்தயம் போட வேண்டும், வெந்தயம் பத்து எண்ணுவதற்குள் கசப்பாகிவிடும், எட்டு எண்ணியதும் கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. வெங்காயம். பொன்னிறமாக வதக்கவும். போனில் எத்தனை சமையல் வீடியோ கேட்டிருப்பேன், அத்தனையிலும் இந்த ஒரு வரி வந்து என்னை நிறுத்தும். பொன்னிறமாக வதக்கவும். இந்தக் கலர் வந்ததும் இறக்கவும். பாருங்க, இந்தப் பதத்துக்கு. எந்தப் பதத்துக்கு அம்மா, கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லக் கூடாதா என்று போனைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். பொன்னிறம் என்றால் என்ன? பொன்னை எனக்குத் தெரியும், அம்மாவின் காதில் தொட்டிருக்கிறேன், குளிர்ச்சியாக, உருண்டையாக இருக்கும், அதற்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்? நாலு நாள் கருக்கினேன், மூன்று நாள் பச்சையாக விட்டேன். கருக்கியதையும் தின்றேன், பச்சையையும் தின்றேன், யாருக்கும் தெரியாது, அதுதான் தனியாக இருப்பதில் பெரிய சௌகரியம், தோற்றதை யாரும் பார்க்கவில்லை. எட்டாம் நாள் கரண்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தபோது ஒன்று பிடிபட்டது. முதலில் வெங்காயம் கரண்டியில் மோதுகிறபோது கறகறவென்று முரண்டு பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஈரம் வற்றி, சீறல் ஓய்ந்து, கரண்டி ஈரத்துணி மேல் இழுக்கிற மாதிரி வழுக்கும். அந்த நேரத்தில் மூக்கில் இருக்கிற காரம் போய், சுட்ட வெல்லம் மாதிரி ஒரு வாசம் வரும், வந்ததும் இருபது எண்ணலாம், முப்பது எண்ணினால் கருகல். அந்த இருபதுதான் பொன்னிறம். அன்றைக்கு அடுப்படியில் நின்று ஓ என்று கத்தினேன், சம்பூர்ணம் அம்மா கீழேயிருந்து என்னங் தம்பி என்று கேட்டார், ஒண்ணுமில்லைங்க என்றேன். கண் உள்ளவர்களுக்குப் பொன்னிறம் தெரியும். அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன வாரம் காற்றும் மழையும் அடித்த சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள், குரலை வைத்துப் பார்த்தால் புதுசாகக் குடித்தனம் வந்தவள், கரண்ட் அடுப்பில் உலை வைத்தேன் சார், அரிசி அரை வேக்காட்டில் நிற்கிறது, வீட்டுக்காரர் வந்துவிடுவார், எப்ப சார் வரும் என்று கிட்டத்தட்ட அழுதாள். புகாரைப் பதிந்துவிட்டு வைத்திருக்கலாம், அதுதான் விதி. நான் சொன்னேன், மூடியைத் திறக்காதீங்கம்மா, மேலே கனமா எதையாவது தூக்கி வைங்க, ஒரு போர்வையைச் சுத்திப் போடுங்க, உள்ள இருக்கிற ஆவியிலேயே பாதி வெந்துரும். அவள் அழுகை நின்றது. உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா சார் என்றாள். தெரியும் என்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன்னால் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பிறகு அஞ்சாறு அழைப்பு எடுத்தேன், எதுவும் மனசில் நிற்கவில்லை, தெரியும், தெரியும் என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இதை அக்காவிடம் சொன்னால் என்ன சொல்வாள்? சொல்ல வேண்டாம். சோற்றைப் போட்டால் போதும். கத்தரிக்காயை வதக்கி, ரெண்டு ரப்பர் பேண்டு போட்ட டப்பாவிலிருந்து மல்லித்தூள், ஒரு ரப்பர் பேண்டு டப்பாவிலிருந்து மிளகாய்த்தூள், எதுவும் போடாததிலிருந்து மஞ்சள், கரண்டியால் அளந்து உப்பு, புளிக்கரைசலை ஊற்றியதும் சட்டி ஒரு தடவை சீறி அடங்குகிறது. ஆடி மாதக் காற்று, பாலக்காட்டுப் பக்கமிருந்து மலை இடுக்கு வழியாக வந்து இந்த ஊரையே உலுக்கும் காற்று, ஜன்னல் வழியாக வந்து தீயை அலைக்கழிக்கிறது, தீ படபடக்கிற சத்தம் கேட்கிறது. ஜன்னலைச் சாத்துகிறேன். இப்போது தீ ஒழுங்காக எரிகிறது. இந்த ஒரு காரியத்தைத்தான் யோசிக்காமல் செய்தேன்.

போன் அடித்தது. ஹாலில் இருந்தது, போய் எடுத்தேன். "எறங்கிட்டேன்டா. ஆட்டோ புடிக்கப் போறேன், வழியச் சொல்லு," என்றாள் அக்கா. வழி சொன்னேன், உப்பிலிபாளையம் ரோட்டில் பிள்ளையார் கோயில் தாண்டி இடது பக்கம், மாடிப்படி பத்தொன்பது. அவள் வைக்கவில்லை. "இப்ப அடுப்பு எரியுதா?" என்றாள். எரியுது என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும், எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். அவளுக்கு அப்போது பதினாறு, ஸ்கூல் விட்டு வந்து உலை வைத்துச் சோறு வடிப்பாள், அம்மா தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வர நேரமாகும். நான் முற்றத்தில் ஏதோ பட்டாம்பூச்சி வந்திருக்கிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, அதைத் தொட வேண்டும் என்று ஓடினேன், சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பினாள், மோதினேன். கொதிக்கிற கஞ்சி முழுக்க அவள் இடது கையில். அவள் அலறவில்லை. ஒரே ஒரு மூச்சு, உள்ளே இழுத்தது, இப்போது கேட்டது மாதிரியே, அப்புறம், ஒம்மேல படலையே என்றாள். என்மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அன்றைக்கு ராத்திரியே அம்மா அடுப்படி வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டாள், மாரீசு இதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான், பத்தொன்பது வருஷம் அந்தப் பெஞ்சு அங்கேயேதான் கிடந்தது, எங்கள் வீட்டு அடுப்படிக்குள் எது எங்கே இருக்கிறது என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. "மாரீசு, நா சொல்றதக் கேளு," என்று அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள், "அம்மா மூணு நாளாத் தூங்கல, ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." எனக்குக் காது அங்கே இல்லை. ஏதோ குறைந்தது. கொதிக்கிற சத்தம் எப்போது நின்றது? குழம்பு பொங்குகிறபோது வருகிற ஸ்ஸ் வந்ததே, நான் பெஞ்சை நினைத்துக்கொண்டு நின்றேனே, அப்புறம் அது நின்றது, தீயின் அடித்தொண்டைச் சத்தமும் நின்றது, இப்போது மெல்லிசாக ஒரு காற்று மட்டும் கசிகிறது. அதோடு வாசம். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. கேஸ்.

"வந்ததும் பேசலாங்கா," என்று போனை வைத்தேன். ஜன்னலைச் சாத்தியவன் நான். ஓடாதே. ஓடினால் மோதுவாய். சுவரைப் பிடி, பைய நட, ஒண்ணும் ஆகாது. எத்தனை பேருக்கு ஹெட்போனில் சொன்னது. கதவு நிலை, ரெண்டு எட்டு, மேடை விளிம்பு, முதல் திருகு, வலது பக்கம் முழுக்க, அடைத்தாயிற்று, குனிந்து சிலிண்டர், ரெகுலேட்டர், அதையும் திருகு. ஃபேன் சுவிட்சைத் தொடாதே. கை தானாக அதற்குத்தான் போனது, பிடித்து இழுத்துக்கொண்டேன். ஜன்னல் கொக்கி. இன்றைக்கென்று இறுகிக் கிடக்கிறது, வா, வா, திறந்துகொண்டது, அந்தக் காற்று முழுசாக முகத்தில் அறைந்தது, சற்று முன்பு எந்தக் காற்றைத் திட்டிச் சாத்தினேனோ அதே காற்று. வாசல் கதவைத் திறந்தேன், பின்கதவைத் திறந்தேன், படியில் போய் உட்கார்ந்தேன். நூறு எண்ணினேன். மறுபடி நூறு. இப்போது அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினால், படியில் உட்கார்ந்திருக்கிற தம்பி, வீடு பூரா கேஸ் வாசம், அடுப்பு பூரா குழம்பு, மனுவை அவள் வாசிக்கக்கூட வேண்டாம், நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒருவேளை அதுதான் சரியோ என்று அந்த இடத்தில் தோன்றியது, பொய் சொல்லவில்லை, தோன்றியது. வீட்டுக்குப் போய்விடலாம், தட்டில் சோறு வரும், யாராவது பிசைந்துகூடத் தருவார்கள். பிறகு வேறொன்று தோன்றியது. அணைந்ததைக் கண்டுபிடித்தது யார்? அடைத்தது யார்? கண் உள்ளவர்கள் வீட்டிலும் பால் பொங்கி அடுப்பு அணைகிறது, அவர்களும் மூக்கால்தான் கண்டுபிடிக்கிறார்கள், அவர்களை யாரும் மாறுதலுக்கு மனுப் போடச் சொல்வதில்லை. ஐந்தாவது நூறு முடிந்ததும் எழுந்து உள்ளே போய், நின்று நின்று மூச்சு இழுத்துப் பார்த்தேன். வெறும் வெங்காய வாசமும் புளி வாசமும்தான். சட்டியை இறக்கி, அடுப்பின் தட்டையும் பர்னரையும் கழற்றி, துணியால் துடைத்து, துளைகளில் குழம்பு அடைத்திருந்ததை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். மேடையைத் துடைக்க நேரம் இல்லை. பொங்கி வழிந்ததில் குழம்பு கொஞ்சமாகிவிட்டது, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். கத்தரிக்காயை விரலால் நசுக்கிப் பார்த்தேன், நடுவில் இன்னும் கடினம். அரை வேக்காடு. ரெகுலேட்டரைத் திறந்தேன். லைட்டரை எடுத்துக்கொண்டு அடுப்பின் மேல் குனிந்தேன். மறுபடி ஒரு தடவை முகர்ந்தேன். வாசம் இல்லை. இல்லவே இல்லை. திருகினேன், அழுத்தினேன். பூக். அந்தப் பூக்கை என் உடம்பு முழுக்கக் கேட்டது. ஜன்னலைத் திறந்தே வைத்தேன், காற்றுக்குக் குறுக்கே ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து நிறுத்தினேன். அந்த இடத்தை விட்டு அசையவில்லை. குழம்பு முதலில் வேகமாக, மெல்லிசாகக் கொதித்தது, பிறகு நிதானமாக, பொளக், பொளக் என்று, கனமாக. விரலில் கத்தரிக்காய் கரைந்தது. இறக்கினேன்.

ஆட்டோ நிற்கிற சத்தம். செருப்புச் சத்தம் படியேறுகிறது, நான் எண்ணுகிறேன், பத்தொன்பது. அக்கா உள்ளே வந்ததும் என் ரெண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பித் தடவினாள், விரல் விரலாக. நடுவிரல் முனைத் தடிப்பில் அவள் விரல் நின்றது.

"இது என்ன?"

"ரெண்டாம் நாளு. இப்ப இல்ல."

கையை விட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். அங்கே பெஞ்சு இல்லை. "அடுப்பச் சுத்தி என்னடா இப்படிக் கொட்டிக் கெடக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது. ஆறு வாரப் பழக்கம். விழுங்கிவிட்டு, "நீ போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது பொங்கி அணைஞ்சுருச்சு. கேஸ் வந்துச்சு. அடச்சேன். எல்லாத்தையும் தெறந்து விட்டு வெளிய போய் உக்காந்தேன். வாசம் போனதுக்கப்புறம் பர்னரத் தொடச்சுத் திரும்பப் பத்தவச்சேன்," என்றேன்.

"திரும்பவா?"

"கத்தரிக்கா வேகலக்கா."

அவள் குழாயில் கை கழுவினாள், முகம் கழுவினாள், நெடுநேரம் தண்ணீர் ஓடியது. வந்து தரையில் உட்கார்ந்தாள். தட்டின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு சோறு போட்டேன், நடுவில் ஒரு குழி செய்து குழம்பு ஊற்றினேன், ஒரு சொட்டு வெளியே போகவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் சாப்பிடத் தொடங்கினாள். நான் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு கவளம் போனதும் பையின் ஜிப்பைத் திறந்தாள். காகிதம் சரசரத்தது.

"கையெழுத்துப் போடுறியா?"

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுறது? வாசி."

வாயில் சோற்றோடுதான் வாசித்தாள், அவளுக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. "மதிப்பிற்குரிய ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நான், பிறவியிலேயே பார்வையற்றவன் என்பதாலும், தனியாகச் சமைத்து உண்ண இயலாத நிலையில்..." நின்றாள். மென்றாள். விழுங்கினாள், அது எனக்குக் கேட்டது. "இயலாத நிலையில்," என்று இன்னொரு தடவை, எனக்கு அல்ல, காகிதத்துக்குச் சொல்கிற மாதிரி முணுமுணுத்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புகிறார்கள், அது கிளம்பிப் போனது. காகிதம் மடிந்தது, மறுபடி மடிந்தது, ஜிப் மூடியது. அவள் இன்னொரு கவளம் எடுத்தாள், இன்னொன்று.

"உப்பு பத்தலடா," என்றாள்.

"என்னது?"

"உப்பு. காரம் சரியா இருக்கு, புளி சரியா இருக்கு. உப்புதான் கம்மி. பொங்குனதுக்கப்புறம் தண்ணி ஊத்துனியா? ஊத்துனா மறுபடி உப்புப் பாக்க மாட்டியா? என்ன சமைக்கிற நீ?"

கடிந்துதான் சொன்னாள், அரிசியில் கல் கிடந்தால் அம்மாவைச் சொல்கிற அதே குரலில். நான் வேட்டி கட்டினால் பரவாயில்லையே என்பார்கள். ரோட்டைத் தாண்டினால் ஆகா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பாடிய பாட்டு சுருதி விலகிப் போனபோதும் எழுந்து நின்று கை தட்டினார்கள், அதில் அக்காவின் கைதட்டல்தான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம். இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்த ஒரு காரியத்தை எடுத்து, இது சரி, இது சரியில்லை என்று ஒருத்தரும் நிறுத்துப் பார்த்ததில்லை. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. ஆமாம், உப்புப் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன். எல்லோரும் மறக்கிற மாதிரி மறந்துவிட்டேன்.

"இரு, போட்டுத் தர்றேன்," என்று எழுந்தேன். நீ உக்காரு, நான் எடுத்துக்கிறேன் என்று அவள் சொல்வாள் என்று ஒரு நொடி நின்றேன். அவள் சொல்லவில்லை. வழித்துச் சாப்பிடுகிற சத்தம் மட்டும் வந்தது. அடுப்படிக்குள் நான் கால் வைத்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அப்படியே கொஞ்சம் சோறும் கொண்டா."